மூக்கும் வாலும்

இனிமேல் இந்த வீட்டில் மூக்குச் சக்கரம் என்ற பேச்சே இருக்கக் கூடாது என்று தனிஸ்லாஸ் சனிக்கிழமை காலை இட்லித் தட்டுக்கு முன்னால் பிரகடனம் செய்தார். மிஷன் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். குரலை உயர்த்தினால் வகுப்பே எழுந்து நிற்கும். எதிரே அவர் மனைவி ஆன்சி உட்கார்ந்தபடி சட்னியைத் தொட்டுக்கொண்டாள்.

எல்லாம் அவர் ஆசைப்பட்டு வாங்கிய ரிமோட் விமானத்தால் வந்த கோபம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கான விமானம். வயிற்றுக்கடியில் இரண்டு சக்கரம், மூக்குக்கடியில் ஒன்று. ஆனையூர்க் கண்மாய்ப் பொட்டலில் இறக்கும்போதெல்லாம் மூக்குச் சக்கரம் குழியில் சிக்கி ஒடியும். போன மாதம் அதை ஆன்சியின் தம்பி ஜினோ பார்த்துவிட்டான். "அத்தான் ஏரோப்பிளேன்ல உழுறாரு, விதை நெல்லு கொண்டாங்கப்பா!" என்று பத்துப் பேர் முன்னால் கத்தினான். அன்றைக்கு உடைந்தது விமானத்தின் மூக்கு மட்டுமில்லை.

"முன் சக்கரத்தைக் கழட்டி எறிஞ்சிட்டு வாலுல ஒண்ணு வைக்கப் போறேன். எந்த மேடு பள்ளத்துலயும் இறங்கும். உன் தம்பி வீட்டைச் சாமியார் மந்திரிக்கிற விசேஷத்துக்கு நாளைக்கு நான் வரல."

"சோழவந்தான்ல புது வீடு கட்டிருக்கான். இருக்குறது ஒத்த அத்தான். வரலைன்னா எப்படிங்க?"

"அவன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்!"

"சரி. சாயங்காலம் உங்க விமானம் ஒழுங்கா இறங்கிட்டா வர வேணாம். மூக்கு மண்ணுல பட்டா வரணும்."

"பாத்துருவோம்டி! ரசாக் பாய்தான் சாட்சி!"

சிம்மக்கல்லில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அப்துல் ரசாக், நாலு போல்ட் கொடுக்க வந்த பாவத்துக்குச் சாட்சியாகிப் போனார்.

மத்தியானத்துக்குள் மூக்குச் சக்கரம் கழன்றது. வாலில் பட்டாணி அளவுக்கு ஒரு குட்டிச் சக்கரம் ஏறியது. தரையில் வைத்தார். விமானம் பூசையில் முழங்கால் போட்டது மாதிரி முன்பக்கம் குப்புறச் சாய்ந்தது.

காரணம் அவருக்குப் புரிந்துவிட்டது. வயிற்றுச் சக்கரங்களை முன்னால் தள்ள வேண்டும். ஸ்குரூவில் கையும் வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"வயித்துச் சக்கரத்தை முன்னாடி தள்ளுங்க. அப்பத்தான் வாலு தரையில உக்காரும். வீடியோவுல சொல்றாங்க."

தனிஸ்லாஸ் ஸ்குரூவிலிருந்து கையை எடுத்தார். காது சிவந்தது.

"இருபத்திரண்டு வருசமா கணக்குச் சொல்லிக் குடுக்குறேன். எனக்கே கணக்கா? பாய், கடையில ஈயக்கட்டி இருக்கா? வாலுல கட்டுவோம்."

"இருக்கு சார். ஆனா வாலுல அம்புட்டு கனம் ஏத்துனா மேல போயி..."

"நீங்க சாட்சிதான் பாய். வக்கீல் இல்ல."

ஈயம் ஏறியது. வால் உட்கார்ந்தது. தனிஸ்லாஸ் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அவள் நாளைக்குக் கட்ட வேண்டிய சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கண்மாய்ப் பொட்டலில் விமானம் நாலடி ஓடியது. மூக்கைத் தூக்கியது. தூக்கியது தூக்கியபடி செங்குத்தாக ஏறியது. ரிமோட்டை எப்படித் திருகினாலும் தலையைத் தாழ்த்தவில்லை. தென்னை உயரத்தில் ஒரு கணம் நின்று யோசித்தது. பிறகு தலைகீழாக வந்து மண்ணில் குத்திக்கொண்டது.

ரசாக் ஓடிப்போய்ப் பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ்! இறக்கை தப்பிச்சிருச்சு சார். மூக்குதான்..."

"வாய மூடுங்க பாய்!"

"நான்தான் மொதல்லயே சொன்னேனே," என்றாள் பந்தயம் பார்க்க வந்திருந்த ஆன்சி.

"நீ சொன்னதுனாலதான்டி நான் செய்யல!"

"அது தெரிஞ்சுதானே சொன்னேன்."

ரசாக் இருமுவதுபோல் திரும்பிக்கொண்டார். இனி இவள் என்ன சொன்னாலும் ஏமாறக் கூடாது என்று தனிஸ்லாஸ் அந்தப் பொட்டலிலேயே சபதம் எடுத்தார்.

ஞாயிறு காலை ஆன்சி குளிக்கப் போன நேரத்தில் ஈயத்தைப் பிடுங்கி எறிந்தார். சக்கரங்களை முன்னால் தள்ளினார். உடைந்த மூக்கைப் பசை போட்டு ஒட்டி, முன்னால் சுற்றும் விசிறியைப் புதிதாக மாட்டினார். விமானத்தைத் தூக்கிக்கொண்டே பஸ் ஏறினார். அந்த ஜினோப் பயல் முன்னால் இறக்கிக் காட்டாமல் அவருக்குச் சோறு இறங்காது.

சோழவந்தானில் சாமியார் வீட்டை மந்திரித்து முடித்ததும், வெற்றிலைக் கொடிக்காலை ஒட்டிய மண் பாதையில் விமானம் கிளம்பியது. இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, வயிற்றுச் சக்கரம் இரண்டும் தரையைத் தொட, வாலைப் பூப்போல இறக்கி நின்றது. கூட்டம் கைதட்டியது.

ஜினோ ஓடி வந்தான். "அத்தான், அன்னைக்கு நான் பேசுனது தப்பு. இனி இங்க வந்தே ஓட்டுங்க. இம்புட்டு நல்ல தரை ஆனையூர்ல ஏது?"

முடியாது என்று சொல்ல தனிஸ்லாஸ் வாயைத் திறந்தார்.

"வேணாம்டா ஜினோ," என்று ஆன்சி முந்திக்கொண்டாள். "இன்னைக்கு ஏதோ குருட்டாம்போக்குல இறங்கிருச்சு. இன்னொரு தடவை அவரால முடியாது."

"யாரால முடியாது?" தனிஸ்லாஸ் போட்ட சத்தத்தில் கொடிக்கால் கொக்குகள் பறந்தன. "வாராவாரம் ஞாயித்துக்கிழமை வாரேன்! இதே எடத்துல இறக்கிக் காட்டுறேன்!"

ஆன்சி தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"வாராகளாம். வாராவாரம் மீனு வாங்கி வச்சுரு."