அரைப்பூதத்தின் பூர்வீகம்

கேரளத்து வண்டிப்பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில், ஞாயிறுதோறும் பிற்பகல் இரண்டு மணிக்கு ஐந்து பேர் கூடி வேறோர் உலகத்துக்குப் போய்வருவதென்று தீர்மானமாகியிருந்தது. போகிற வழி சுலபம். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் இறங்கிப் பகடை உருட்டுவார்கள். பிழைத்தால் மேலே நடப்பார்கள்.

கதை சொல்லும் பொறுப்பு எப்சிபாவுடையது. தேயிலை ஃபேக்டரியில் எடைச்சீட்டு எழுதுகிற அவள், ஆறு மாதம் மெனக்கெட்டு மூடல்மலை என்றொரு நாட்டை நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அதில் காடு, கோட்டை, குகை, குகைக்குள் தொள்ளாயிரம் வயதான டிராகன் எல்லாம் இருந்தன. டிராகனைக் கொன்று நாட்டைக் காப்பாற்ற வேண்டும். அவ்வளவுதான்.

முதல் ஞாயிறே சிக்கல் வந்தது. யாருக்கு என்ன பாத்திரம்?

"நான் பறக்கணும். கையில பீரங்கியும் வேணும்" என்றான் மெக்கானிக் சிஜு. டீச்சர் நிமி, செத்தும் சாகாமல் ரத்தம் குடிக்கிற வைத்தியராக வர விரும்பினாள். கொழுந்து கிள்ளும் புஷ்பமேரி அக்கா தயங்கித் தயங்கி, "நான் அரைப்பூதமா வரட்டா? அப்பன் பூதம், அம்மை மனுசி" என்று கேட்டாள்.

எப்சிபாவுக்கு யாரிடமும் 'இல்லை' சொல்லிப் பழக்கமில்லை. பீரங்கியை அனுமதித்தால் டிராகன் பத்து நிமிஷத்தில் செத்துவிடும். மறுத்தால் சிஜு வரமாட்டான்.

"ஏதாவது ஒரு விதி வச்சுக்கிடுவோமே" என்றாள் மெல்ல.

ஐந்தாவது நாற்காலி அசைந்தது. அமிர்தநாதன் சார் முப்பத்தொரு வருஷம் வில்லேஜ் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். பிரஷர் குறைய ஏதாவது விளையாடும்படி டாக்டர் சொல்லி வந்திருந்தார்.

"விதியை நான் எழுதுதேன்மா. நீ கதையைப் பாரு."

அடுத்த ஞாயிறு படிவத்தோடு வந்தார். பாத்திர அனுமதி கோரும் மனு, மூன்று பிரதி. இனம், உட்பிரிவு, வால் உண்டெனில் அதன் நீளம். கடைசியில் ஒரு நிபந்தனை: மனுதாரரின் மூதாதையர் மூடல்மலை ஆண்டு ஐம்பதுக்கு முன்பிருந்தே அந்நாட்டில் நிரந்தரமாக வசித்து வருவதற்கான ஆதாரம் இணைக்கப்பட வேண்டும்.

முதல் மனு புஷ்பமேரியுடையது.

"அப்பன் எங்கன உள்ள பூதம்?"

"பூர்வீகம் மலைக்கு அந்தப் பக்கம் சார்."

"அப்ப அன்னிய பூதம். அங்க போய் சர்ட்டிபிக்கட் வாங்கு."

"நாங்க இங்க வந்து நாலு தலைமுறை ஆச்சே. அங்க போனா, நீ இங்க உள்ள பூதமே இல்லன்னு சொல்லுவாங்களே சார்."

"சொல்லத்தான் செய்வாங்க" என்று அமிர்தநாதன் ஒப்புக்கொண்டார். பூதத்தின் மேல் அவருக்கு விரோதம் ஒன்றும் இல்லை.

புஷ்பமேரி சிரித்தாள். மகனைக் காலேஜில் சேர்க்க, சாதிச் சான்றிதழுக்காக அவள் மலைக்கு இரு பக்கமும் எத்தனை ஆபீஸ் படி ஏறி இறங்கினாள் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. விளையாட வந்த இடமல்லவா.

நிமியின் வைத்தியர் ஏற்கனவே இறந்தவர் என்பதால், உயிரோடிருப்பதற்கான சான்று கேட்கப்பட்டது. பீரங்கி மூடல்மலையில் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. கண்டுபிடிக்கப்படாத பொருளுக்கு லைசன்ஸ் மறுக்கும் அதிகாரம் யாருக்கு என்பது தெளிவாகாததால் சிஜுவின் மனு நிலுவையில் வைக்கப்பட்டது.

சிஜு கத்தினான். "அப்ப இந்த நாட்டுல ஆருக்குத்தான் சார் ஆதாரம் இருக்கு?"

அமிர்தநாதன் எப்சிபாவின் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மனிதர்கள் குடியேறியதே மூடல்மலை ஆண்டு அறுபதில் என்றும், டிராகன் அந்த ஆண்டுக்கணக்கு தொடங்கும் முன்பே குகையில் இருந்தது என்றும் அவள் எழுதியிருந்தாள்.

"டிராகனுக்கு இருக்கு" என்றார். "தொள்ளாயிரம் வருசமா ஒரே குகை, ஒரே விலாசம்."

ஆகவே டிராகன்தான் பூர்வகுடி. மற்றவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள். அதைக் கொல்லுமுன் ஆட்சேபணை இல்லையென்று அதனிடமே எழுதி வாங்க வேண்டும். எவ்வளவு யோசித்தும் எப்சிபாவால் இதில் பிழை காண முடியவில்லை. ஆறு மாத உழைப்பு இப்படிக் கவிழ்ந்துபோயிற்று.

மூன்றாம் ஞாயிறு துணிந்துவிட்டாள்.

"இனி ஒரு தடையும் கிடையாது. வாலு, ரத்தம், பீரங்கி, ஆருக்கு என்ன வேணுமோ எடுத்துக்கிடுங்க. ஒரு கேள்வி கேக்க மாட்டேன்."

சிஜு தலையைச் சொறிந்தான்.

"அப்படின்னா நான் வில்லேஜ் ஆபீசர்."

"பீரங்கி?"

"சீல் இருக்கும்போது பீரங்கி எதுக்கு?"

நிமி தாசில்தார் ஆனாள். கைக்கு எட்டாமலே போன பதவி உயர்வை அமிர்தநாதன் ஒரேயடியாக எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆனார். புஷ்பமேரி எழுந்தாள். நாற்காலியை மேசைக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மனு வாங்குகிற கிளார்க்கின் இடம் அது.

வீரர்களே இல்லாத நாட்டில் கதை தொடங்கியது. டிராகனுக்காகப் பேசவேண்டியது கதை சொல்பவள்தான். எப்சிபா அதை மலையிலிருந்து இறக்கி, நெருப்புக் கக்க வைத்து, கோட்டை வாசலில் நிறுத்தினாள்.

"தீயை அணைச்சிட்டு வா" என்றாள் புஷ்பமேரி, தலை நிமிராமல். "என்ன காரியம்?"

"நாட்டை எரிக்க வந்திருக்கேன்."

"மனு?"

டிராகன் மனு கொடுத்தது.

"போட்டோவுல இறக்கை மடங்கியிருக்கு. விரிச்சு எடுத்துட்டு வா. ஆபீசரும் இன்னைக்கு இல்ல."

"ஆபீசர் அந்தா இருக்காரே!"

"இருக்காரு. இல்லன்னு சொல்லச் சொல்லியிருக்காரு. நாளைக்கு வா."

டிராகன் ஏழு ஞாயிறு அலைந்தது. நாடு காப்பாற்றப்பட்டது.

எஸ்டேட் முழுக்க இந்தச் சேதி பரவி, புதிதாகப் பதினோரு பேர் சேர வந்தார்கள். ஆளுக்கொரு ஆபீஸ் கேட்டார்கள். அவர்களுக்காகப் புதிய இலாகாக்கள் உண்டாக்கப்பட்டன. பதினோராவது ஆள், தேயிலைக்கு மருந்தடிக்கிற பெரியமுத்து, வரும்போது நாற்காலிகள் தீர்ந்துவிட்டன.

"பொதுஜனம் ஒரு எடம் காலியா இருக்கு" என்றாள் எப்சிபா.

"அதைத்தானம்மா வாரத்துல ஆறு நாளும் ஆடுதேன்" என்றார் அவர். "ஞாயித்துக்கெழமையும் அதேயா?"

எப்சிபா அவர் மனுவை வாங்கி, மூலையில் 'நிலுவை' என்று எழுதி, மாடிப்படி ஓரத்து பெஞ்சில் போய் உட்காரச் சொன்னாள். அதைச் சொன்னபோது தன் குரல் இத்தனை இனிமையானது என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.