தானா ஆரம்பிச்சுக்கும்

சி மொழியில் புரோகிராம் எழுதிப் பிழைப்பவர்களில் ஓர் இனம் உண்டு. 'தானா ஆரம்பிச்சுக்கும்' இனம். பம்புசெட்டுக்குத் தானியங்கிப் பெட்டி செய்யும் எங்கள் கும்பகோணம் அலுவலகத்தில், இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதி கிளமென்ட். நான் பக்கத்து நாற்காலி.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். பாபநாசத்துக்குப் போகும் டவுன் பஸ் நடுவழியில் புகைந்து நின்று, எல்லோரும் இறங்கி, வேறு பஸ் பிடித்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டும் முடித்திருப்பார்கள்; கிளமென்ட் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். கேட்டால் டிக்கெட்டைக் காட்டுவார்.

இவர் தொழிலுக்கு வருவோம். புரோகிராம் எதற்காவது காத்திருக்க வேண்டுமென்றால், "செய்தி வந்தா எழுப்பு" என்று கெர்னலிடம், அதாவது கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றையும் மேய்க்கும் மேஸ்திரியிடம், சொல்லிவிட்டுத் தூங்கும். அதுதான் 'சிஸ்டம் கால்' என்ற அழைப்பு. நடுவில் அலாரம் மாதிரி ஒரு சிக்னல் வந்தால், கெர்னல் அதை எழுப்பி முதலில் அந்த வேலையைப் பார்க்கச் சொல்லும். பார்த்த பிறகு? எஸ்.ஏ. ரீஸ்டார்ட் என்ற ஃப்ளாகை, அதாவது ஓர் அடையாளக் குறியை, முன்பே போட்டு வைத்திருந்தால், சில அழைப்புகளைக் கெர்னலே மறுபடி தொடங்கிவிடும். மற்றவற்றுக்கு ஈ-இன்டர் என்ற பிழை எண்ணைக் கையில் கொடுத்து அனுப்பும். கெட்டுப்போய்விட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. நடுவில் ஆள் வந்துவிட்டது, வேண்டுமானால் திரும்பக் கேள் என்று அர்த்தம்.

கிளமென்ட் எங்கும் அந்த ஃப்ளாகைப் போடுவார். வயலில் தண்ணீர் அளவு சொல்லும் சென்சாரைக் கேட்கும் 'ரீட்' என்ற அழைப்புக்கு அது இரண்டு வருடம் ஒழுங்காக உழைத்தது. இந்த வைகாசியில், பாபநாசம் பக்கத்து விவசாயி வீரையன் இரண்டு வயலையும் ஒரே பெட்டி பார்க்க வேண்டும் என்றார். வயலுக்கு ஒன்றாக இரண்டு சென்சாருக்கும் சேர்ந்து காத்திருக்க 'போல்' (poll) என்ற அழைப்புதான் வசதி. கிளமென்ட் 'ரீட்'டைத் தூக்கிவிட்டு 'போல்' போட்டார்.

"சிக்னல் வந்தா?" என்றேன்.

"ஃப்ளாக் போட்டிருக்கேன்ல? தானா ஆரம்பிச்சுக்கும்."

ஆரம்பிக்காது. எந்த ஃப்ளாக் போட்டாலும் 'போல்' ஈ-இன்டரோடுதான் திரும்பும். கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறது. கையேட்டைத் திறந்தது யார்? அவரும் இல்லை, நானும் இல்லை. ஆனால் 'சரிபார்க்கப்பட்டது' என்று டிக் போட்டது நான்.

வீரையன் குறுவைக்கு முளைகட்டிய விதையை நாற்றங்காலில் தெளித்துவிட்டு, மறுநாள் காலை மோட்டாரைப் போட்டார். தண்ணீர் போதுமானதும் பெட்டி நிறுத்திக்கொள்ளும் என்று நம்பி, சீர்காழியில் மகளைப் பார்க்கப் போனார். மின்னழுத்தம் பார்க்க மணிக்கொரு முறை வரும் அலாரம் வந்தது. 'போல்' ஈ-இன்டரோடு திரும்பியது. கிளமென்டின் புரோகிராம் அதைச் சென்சார் பழுது என்று எடுத்துக்கொண்டு, சென்சார் சொல்வதைக் கேட்பதையே நிறுத்திவிட்டது. பழுதென்றால் மோட்டாரை நிறுத்து என்று அவர் எழுதவில்லை. பழுதுதான் வராதே!

சாயங்காலம் நாங்கள் போனபோது வீரையன் வரப்பில் நின்றிருந்தார்.

"தம்பி, தண்ணி போதும்னு அந்தக் கருவி சொல்லுச்சா, இல்லையா?"

"சொல்லுச்சுங்கய்யா. நாலு தடவ" என்றேன்.

"அப்புறம்?"

"கேக்கத்தான் யாருமில்லிங்க."

விதையெல்லாம் மிதந்து தாழ்ந்த மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. வேறு விதை தேடி, ஊறவைத்து, முளைகட்டித் தெளிப்பதற்குள் பன்னிரண்டு நாள் போய்விடும். அந்தப் பன்னிரண்டு நாள் அறுப்பை ஐப்பசி மழையில் கொண்டுபோய் நிறுத்தும். எனக்கு வெட்கமாக இருந்தது. கிளமென்ட் ஆறுதல் சொன்னார்.

"கவலைப்படாதீங்கய்யா, மறுபடி முளைச்சு வந்துரும்."

"தெளிக்கிறது யாரு தம்பி?" என்றார் வீரையன்.

ஈ-இன்டர் வந்தால் திரும்பக் கேள் என்று சேர்க்க ஒரு வரிதான் ஆயிற்று. எழுத அரை நிமிடம்.

நீங்கள் சி எழுதுவதில்லை என்பதால் தைரியமாகச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் உங்கள் வீட்டில் ஒருவர், "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கியபோது உங்கள் போன் அடித்தது. பேசி முடித்துவிட்டு வந்தீர்கள். அவர் எதுவும் பேசவில்லை. பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நீங்களும் சாப்பிட உட்கார்ந்துவிட்டீர்கள்.

அவர் இன்னும் சொல்லவில்லை.