கருத்து வாத்தியாரின் கீழ்வரி

நாட்டுக்குச் சுதந்திரம் வந்துவிட்டது என்பதை உண்மையிலேயே நம்பிய ஒரே சர்க்கார் சம்பளக்காரர் எங்கள் கருத்து வாத்தியார்தான். மற்ற நாங்களெல்லாம் ஆகஸ்டு மாதம் கொடியேற்றி, மிட்டாய் வாங்கித் தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். மனுஷர் மட்டும், பேசலாம் என்று சொல்லிவிட்டார்களே என்று பேசிக்கொண்டே இருந்தார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது. சம்பளப் பட்டியலில் மாதம் ஒருமுறை அதைப் பார்ப்பேன். ஊரில் அந்தப் பெயரைச் சொல்லி வீடு கேட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். ஊர்ப் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சாயல்குடியிலிருந்து கடலைப் பார்த்துப் போகிற மண்ரோட்டில், உப்பளத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது என்பது போதும். அங்கே ஒன்றிரண்டு பேர் இன்னும் என்னோடு பேசுகிறார்கள்; அதையும் கெடுத்துக்கொள்வானேன்?

அறுபதுகளின் தொடக்கம். பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கூடம், இரண்டே வாத்தியார்கள். அவர் தலைமை ஆசிரியர். நான் திருவாடானைப் பக்கத்திலிருந்து டிரெயினிங் முடித்து நேராக அங்கே போய் விழுந்தவன். ஊர் என்னைச் சின்ன வாத்தியார் என்றது.

பள்ளிக்கூட வாசலில், பஸ் நிற்கிற வேப்பமரத்தைப் பார்த்தபடி ஒரு கரும்பலகை உண்டு. தினமும் அதில் மேலே ஒரு செய்தியும் கீழே ஒரு பொன்மொழியும் எழுத வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. எங்களுக்குப் பேப்பர் ஒரு நாள் பழசாகி மத்தியானப் பஸ்ஸில் வரும். டிரைவர் அதைக் காக்கா டீக்கடை வாசலில் வீசிவிட்டுப் போவார். கீழக்கரைக்காரரான அந்த டீக்கடை முஸ்லிம் பெரியவரை ஊரே காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடும். வாத்தியார் அங்கேயே நின்று பேப்பரை முழுக்க வாசித்துவிட்டு வந்து செய்தியை எழுதுவார். பொன்மொழியை விட்டுவிட்டார்.

"பொன்மொழி சொன்னவன் பூரா செத்துப் போயிட்டான் தம்பி. உசுரோட இருக்கிறவன் ரெண்டு வார்த்தை பேச வேண்டாமா?" என்றார். பொன்மொழி இருக்க வேண்டிய இடத்தில் 'கருத்து' என்று போட்டுத் தன் கருத்தை எழுதினார்.

செய்தி: சந்திரனுக்கு ராக்கெட் அனுப்ப வெளிநாட்டில் ஏற்பாடு.
கருத்து: நேற்று மத்தியானப் பஸ் வரவில்லை.

செய்தி: கண்மாய் மராமத்துக்கு மந்திரி அடிக்கல் நாட்டினார்.
கருத்து: போன வருடம் நாட்டிய கல்லில் ஆடு கட்டியிருக்கிறது.

செய்தி: ஆசிரியர் தொண்டு விலைமதிப்பற்றது என்று கல்வி அதிகாரி பேச்சு.
கருத்து: பலசரக்குக் கடையில் சொல்லிப் பார்த்தேன். விலை கேட்கிறார்கள்.

உப்பளத்துக்குப் போகிற பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. பஸ்ஸுக்கு நிற்கும்போது என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். "ஏ சின்ன வாத்தியாரே, இன்னைக்குக் கீழ்வரி என்ன?" மேல்வரியை ஒருத்தரும் கேட்டதில்லை. பஸ் வந்து நின்றாலும் கீழ்வரியைக் கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் ஏறுவார்கள். கண்டக்டரும் விசில் கொடுக்காமல் காத்திருப்பார்.

சம்பளத்தைப் பற்றி அவருக்குத் தனிக் கொள்கையே இருந்தது. "தாசில்தார் ஆபீஸ் டவாலி ஒரு நாள் வரலேன்னா கதவு தெறக்காது. நாம ஒரு நாள் வரலேன்னா பிள்ளைக சந்தோசப்படும். வராட்டிச் சந்தோசப்படுற ஆளுக்கு, வந்ததுக்கு எவன் கூடக் காசு குடுப்பான்?" என்பார். சம்பளம் வாங்குகிற நாளில் யூனியன் ஆபீசில் கொடி நாள் கொடி, காசநோய் முத்திரை, ஏதோ ஒரு மாநாட்டு நன்கொடைச் சீட்டு என்று வரிசையாக எங்கள் தலையில் கட்டுவார்கள். நாங்கள் முனகிக்கொண்டே பைக்குள் திணித்துக்கொள்வோம். அவர் அவற்றைக் கொடுத்த குமாஸ்தாவிடமே குண்டூசி கேட்டு வாங்கி, ஒன்று விடாமல் சட்டையில் குத்திக்கொண்டு பஸ் ஏறுவார்.

"என்ன வாத்தியாரே, மெடலா?" என்று கண்டக்டர் ஒருமுறை கேட்டார்.

"சம்பளம்யா. கையில குடுத்தா தொலச்சிருவேன்னு சட்டையிலயே குத்தி விட்டுட்டாங்க."

கீழ்வரியின் புகழ் மெதுவாக மேலே போனது. ஒரு நாள் பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் டெபுடி இன்ஸ்பெக்டர் வந்தார், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பலகையைப் படித்து முகம் சிவந்து, இந்த மாகாணத்தில் எல்லா அதிகாரியும் எல்லாச் சிப்பந்தியையும் மிரட்டுகிற அதே வாக்கியத்தைச் சொன்னார். "ஜாக்கிரதை! தண்ணியில்லாத காட்டுக்குத் தூக்கி அடிச்சுடுவேன்!"

வாத்தியார் பணிவாகக் கையைக் கட்டிக்கொண்டார். "சார், நீங்க நிக்கிறதே அந்தக் காடுதான். இதுக்கு மேல தூக்கி அடிச்சா கடல்லதான் விழுகணும். ஆமா, ஒங்கள எதுக்காக இங்கன மாத்துனாங்க?"

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தனக்கும் மேலதிகாரிக்கும் நடந்ததை முக்கால் மணி நேரம் சொன்னார். காவிரித் தண்ணீரைப் பற்றிப் பேசும்போது கண் கலங்கிவிட்டது. காக்கா கடை டீயைக் குடித்துவிட்டு, புகார் ஒன்றும் எழுதாமல் கிளம்பிப் போனார்.

ஒரே ஒரு நாள் கீழ்வரி காலியாக இருந்தது. காற்று மழையில் எங்கள் கரையிலிருந்து மீன்பிடிக்கப் போன மூன்று பேர் திரும்பவில்லை. பேப்பரில் அது நாலாம் பக்கத்து மூலையில் வந்தது. வாத்தியார் செய்தியை எழுதினார், கருத்து என்று எழுதினார், அப்படியே நிறுத்திவிட்டார். அவருக்கு உடம்புக்கு ஆகவில்லையோ என்று ஊர் திரண்டு வந்துவிட்டது.

"என்ன வாத்தியாரே, கீழ ஒண்ணுமே காணல?" என்றார் காக்கா.

"எல்லாத்துக்கும் கருத்துச் சொல்லுறவன் மடையன் காக்கா. வலிக்கிற எடத்துல கைய வைக்கப்படாது."

அதன் பிறகுதான் கிணறு வந்தது.

அதுவரை யூனியன் செலவில் தினமும் ஒரு பீப்பாய் வண்டி ஒரு மைல் தள்ளியிருக்கிற ஊருணியிலிருந்து பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும். யூனியன் சேர்மன் எங்கள் பள்ளிக்கூட வளாகத்தில் ஒரு கிணறு வெட்டினார். தண்ணீர் வந்தது, உப்பளக்காரர்கள் பாத்திகட்டிக் காய வைக்கலாம் என்கிற மாதிரி வந்தது. ஆனாலும் மாலை, மைக்செட் எல்லாம் வைத்துத் திறப்பு விழா நடந்தது. சேர்மன் முதல் டம்ளர் தண்ணீரைக் குடித்துக் காட்டினார். எல்லோரும் கைதட்டினோம். அந்த டம்ளர் தண்ணீரை யூனியன் குமாஸ்தா காக்கா கடைப் பானையிலிருந்து மொண்டு வந்ததை நானும் பார்த்தேன். அடுத்த வாரமே, கிணறு இருப்பதால் வண்டி தேவையில்லை என்று உத்தரவு வந்துவிட்டது.

பெரிய பிள்ளைகள் உச்சி வெயிலில் ஊருணிக்கு நடந்தார்கள். சின்னப் பிள்ளைகள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு வாந்தி எடுத்தார்கள். ஒன்றாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தையை அவள் அய்யா தோளில் போட்டுத் தூக்கிப் போனார். வாத்தியார் நேராகப் போய்ப் பலகையில் எழுதினார்.

செய்தி: நம் பள்ளியில் குடிநீர்க் கிணற்றைச் சேர்மன் திறந்து வைத்து முதல் டம்ளர் நீரை அருந்தினார்.
கருத்து: டம்ளரில் இருந்தது காக்கா கடைத் தண்ணீர். கிணற்றில் இருப்பது கடல். வண்டி வேண்டும்.

தினமும் அழித்து எழுதுகிற மனுஷர் இதை மட்டும் அழிக்கவே இல்லை. எட்டு நாள் அப்படியே கிடந்தது. ஒன்பதாம் நாள் காலையில் சேர்மன் ஜீப் வந்து நின்றது. பஸ்ஸுக்குக் காத்திருந்த கூட்டம் அப்படியே இந்தப் பக்கம் நகர்ந்தது.

"யோவ் வாத்தியாரு, அத அழியும்யா."

"அழிச்சிருவோம்யா. ஒரு நிமிசம்." உள்ளே போனார். அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைத் தட்டு மாதிரிப் பிடித்து, அதன்மேல் ஒரு டம்ளர் வைத்துக் கொண்டுவந்தார். "நம்ம கிணத்துத் தண்ணி. ஒரே ஒரு மடக்கு. குடிச்சிட்டு நல்ல தண்ணின்னு சொல்லுங்க, என் சட்டையாலயே தொடச்சிர்றேன்."

சேர்மன் டம்ளரைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்குக் கூட்டத்துக்கு நேரமாச்சு" என்று ஜீப்பில் ஏறினார். உப்பளத்துப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். எழுதியதைக்கூடப் பொறுத்திருப்பார் என்று நினைக்கிறேன். அந்தச் சிரிப்பை அவரால் பொறுக்க முடியவில்லை.

பதினைந்து நாள் கழித்து யூனியன் ஆபீசுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். விழாவில் தண்ணீர் மொண்டு வந்த அதே குமாஸ்தா, என் வாக்குமூலம் என்று டைப் அடித்த காகிதம் ஒன்றை நீட்டினார். பலகையில் இருப்பது தலைமை ஆசிரியரின் கையெழுத்துதான். அதனால் பள்ளியின் ஒழுங்கு கெடுகிறது. மூன்றாவதாக, கிணற்று நீரை நான் தினமும் அருந்துகிறேன், நல்ல நீர். என் வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

"சின்ன வயசு ஒங்களுக்கு. இந்தா பாருங்க, ஒங்க சர்வீஸ் ரிஜிஸ்டர் கட்டுல மேலயே இருக்கு. எனக்கு அடியில வைக்கவும் தெரியும்" என்றார் குமாஸ்தா.

கையெழுத்துப் போட்டேன். பேனாவும் அவருடையதுதான். அன்று என்னைப் பிடித்தது பயம். இத்தனை வருடமாக அதற்கு வேறு ஏதாவது கௌரவமான பெயர் வைக்க முயன்று பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை.

வாத்தியாருக்கு இன்கிரிமெண்ட் வெட்டு, கூடவே மாறுதல். இராமநாதபுரத்துக்காரரைத் தண்ணீர் இல்லாத காட்டுக்கு மாற்ற ஆபீசில் இரண்டு நாள் பட்டியலைப் புரட்டினார்களாம். கடைசியில் இராமேசுவரம் போகிற வழியில், ரோட்டைவிட்டு நாலு மைல் மணலில் நடந்து போக வேண்டிய ஒரு கடற்கரைக் குடியிருப்பைக் கண்டுபிடித்தார்கள். அவர் போகிற அன்று ஊரே வேப்பமரத்தடியில் நின்றது. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு குடை. என்னைப் பார்த்து, "சாக்பீஸ் நமத்துப் போச்சு தம்பி. வெயில்ல காய வச்சு எழுதுங்க" என்றார். நான் தலையை ஆட்டினேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் டீக்கடைக்குப் போனேன். காக்கா டீ போடவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரை என் முன்னால் வைத்தார்.

"பள்ளிக்கூடத்துக் கிணத்துத் தண்ணி. நல்ல தண்ணின்னு எழுதிக் குடுத்தியளாமே. குடிங்க சின்ன வாத்தியாரே."

சேர்மனுக்கு இருந்த மாதிரி எனக்கு ஜீப் இல்லை. குடித்தேன். முழுக்கக் குடித்தேன். காக்கா டம்ளரை எடுத்து, அதைக் கழுவாமல், தனியாக ஓர் ஓரத்தில் கவிழ்த்து வைத்தார். எனக்கு அங்கே டீ கிடைக்க அதற்குப் பிறகு ஆறு மாதமானது.

வண்டி திரும்ப வரவே இல்லை. நல்ல தண்ணீர் என்று என் கையெழுத்து இருக்கிறதே! என் வேலை நிரந்தரமானது. பலகையில் நான் பொன்மொழி எழுதினேன். உப்பளத்துப் பெண் ஒருத்தி முதல் வாரம் கேட்டாள், "கீழ்வரி எங்க சின்ன வாத்தியாரே?" அடுத்த வாரத்திலிருந்து யாரும் பலகைப் பக்கம் திரும்பவில்லை.

மூன்று மாதம் கழித்து எனக்கு ஒரு போஸ்டு கார்டு வந்தது. பலகையில் எழுதுகிற அதே குண்டு எழுத்து.

செய்தி: இந்த ஊரில் கடலுக்குப் பக்கத்து மணலைக் கையால் தோண்டினால் இளநீர் மாதிரித் தண்ணீர் ஊறுகிறது.
கருத்து: ஆபீசில் ஒருவனும் இங்கே வந்து பார்த்ததில்லை. வாழ்க.

செய்தி: உமது வாக்குமூலத்தின் நகல் எனக்கும் வந்தது.
கருத்து:

அதற்குக் கீழே ஒன்றுமில்லை. கார்டில் இடம் தாராளமாக இருந்தது.

பிற்பாடு நான் வேலையை விட்டுவிட்டுப் பத்திரிகைக்கு வந்தேன். வாரா வாரம் எல்லாவற்றைப் பற்றியும் கருத்து எழுதுகிறேன். அதற்குச் சம்பளமும் ஒழுங்காக வருகிறது. அவர் நாலு வார்த்தை திட்டி எழுதியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது எழுதி எப்போதோ மறந்திருப்பேன். கார்டு இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஊரில் ஒருத்தரையும் விட்டுவைக்காத மனுஷர், எனக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்து, அங்கே கை வைக்காமல் விட்டுவிட்டார்.