பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். எனக்கு அதற்கு மாதச் சம்பளமே கொடுத்தார்கள்.

அலுவலகத்தில் என் வேலை, கம்ப்யூட்டரில் இருப்பதை இன்னொரு இடத்திலும் பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்லி ஊழியர்களை மிரட்டுவது. பேக்கப் எடுக்காதவனுக்கு அழக்கூட உரிமை கிடையாது என்று ஒரு கூட்டத்தில் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். (அந்தக் கைதட்டல் இப்போது நினைத்தால் கன்னத்தில் விழுகிறது.)

முகப்பேரில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது என் மாமனார். ஆவடிக்காரர், வாய் ஓயாமல் பேசுவார். கடைசிக் காலத்தில் உடம்புக்கு முடியாமல் எங்களோடு இருந்தபோது, அவர் பேப்பரைச் சத்தமாகப் படித்து ஊரையே திட்டுவது, கறிக்குழம்புக்கு உத்தரவு போடுவது, பேத்தியோடு சண்டை பிடிப்பது எல்லாவற்றையும் என் மனைவி வாசுகி போனில் எடுத்தாள். போன் நிரம்பி வழிந்ததும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் போனில் அழித்துவிட்டாள். கொஞ்ச நாளில் அவர் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்ததும் வாசுகி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்பா வீடியோல்லாம் அது ஒண்ணுலதான் கீது. இன்னொரு காப்பி எடுத்து வெச்சிடுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச வேலதானே."

தெரிந்த வேலைதான். வினையே அங்கேதான். தெரியாதவனாக இருந்தால் ஒரு பென் டிரைவ் வாங்கி வந்து அன்றைக்கே முடித்திருப்பான். நான் ஆராய்ச்சியில் இறங்கினேன். பென் டிரைவ் தொலைந்துபோகும். டிவிடி பூஞ்சை பிடிக்கும். நெட்டில் ஏற்றலாம், ஆனால் சந்தா கட்ட மறந்தால் மாமனாரை வெளியே தள்ளிவிடுவார்கள். ஹார்ட் டிஸ்க் என்றால் சுற்றுகிற வகையா, சுற்றாத வகையா? ஞாயிற்றுக்கிழமை தவறாமல், யாரோ ஒரு வெள்ளைக்காரன் டிஸ்க்கைப் பிரித்துக் காட்டுவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

"வாங்கிட்டீங்களா?"

"பாத்துட்டு இருக்கேன்."

"என்னப் பொண்ணு பாக்க வந்தப்போ ஒரு காபி குடிக்கிற நேரத்துல சரின்னுட்டீங்க."

"அங்க அவசரப்பட்டதாலதான் இங்க நிதானமா இருக்கேன்," என்றேன். (அதன் பிறகு சில நாள் தோசைக்குச் சட்னி கிடையாது.)

வெயில் காலம் முழுக்க இப்படியே போனது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஒருவழியாக ஹார்ட் டிஸ்க் வீட்டுக்கு வந்தது. செருகி, வீடியோக்களை இழுத்துப் போட்டால் தீர்ந்தது. செருகவும் போனேன். அந்த நேரம் பார்த்துப் பூசணிக்காயும் கையுமாக மணி உள்ளே வந்தான். வாசுகியின் தம்பி. அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறான்.

"இன்னா மாமா, நாளிக்கி பூஜைய வெச்சிகினு இன்னிக்கே புதுசை ஆரம்பிக்கிறீங்க? எங்க பட்டறைல பொட்டு வெக்காம எந்த மிஷினுக்கும் சுவிட்ச் போட மாட்டோம். பூஜைல வெச்சி எடுத்துட்டு விஜயதசமிக்கு ஆரம்பிங்க. நின்னு பேசும்."

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. தள்ளிப்போடுவதில் அபார நம்பிக்கை உண்டு. "நீ சொல்றதும் சரிதான்," என்று டிஸ்க்கை டப்பாவிலேயே வைத்துவிட்டேன்.

மறுநாள் கம்ப்யூட்டரின் வயர்களைக் கழற்றி, பெட்டியை ஹாலுக்குக் கொண்டுவந்து மணைமேல் வைத்தோம். பக்கத்தில் காலி ஹார்ட் டிஸ்க். அப்புறம் மகளின் பாடப் புத்தகம், ஸ்கூட்டர் சாவி, அரிவாள்மனை. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கற்பூரம் காட்டி முடித்ததும் மணி மஞ்சள் தண்ணீர்ச் சொம்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மாவிலையால் எல்லாவற்றின் மேலும் தெளிக்க ஆரம்பித்தான். விழுந்தது என்னவோ இரண்டொரு சொட்டுதான்.

மாவிலை கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியதும் எனக்குள் இருந்த நிபுணன் விழித்துக்கொண்டான். "டேய், அதுல தண்ணி படக்கூடாது," என்று பாய்ந்து அவன் கையைப் பிடித்து இழுத்தேன். மாவிலை நின்றது. மறு கையில் இருந்த சொம்பு கவிழ்ந்தது. சூடு வெளியேறுவதற்காகப் பெட்டியின் தலையில் விட்டிருந்த ஓட்டைகள் வழியாக அவ்வளவு தண்ணீரும் உள்ளே இறங்கியது.

அப்போதும் குடி முழுகிவிடவில்லை. கரண்ட் இல்லாத பெட்டி. நன்றாகக் காயவிட்டால் பிழைத்திருக்கும். அலுவலகத்தில் எத்தனை பேருக்கு இதைப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன். வாசுகியும் அதையேதான் சொன்னாள்.

"தொடாதீங்க. மொதல்ல காயட்டும்."

ஒரு டிஸ்க் வாங்க மாதக்கணக்கில் யோசித்த நான், இதற்கு மட்டும் யோசிக்கவே இல்லை. வயரைச் செருகி சுவிட்சைப் போட்டேன். வேலை செய்கிறதா என்று உடனே தெரிந்துகொள்ள வேண்டுமாம் துரைக்கு. விர்ரென்று சுற்ற ஆரம்பித்தது. "பாத்தியா," என்று வாசுகியிடம் பெருமையாகச் சொன்னேன். சொல்லி வாய் மூடவில்லை, கருகல் வாசனை வந்தது. பதறிப்போய், ஓடிக்கொண்டிருந்த பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, புரையேறின குழந்தையைத் தட்டுவதுபோல முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினேன். உள்ளே கரகரவென்று ஒரு சத்தம். அப்புறம் சத்தமே இல்லை.

அழிந்த ஃபைல்களை மீட்டுத் தருகிற கடைக்காரர் ரொம்ப நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார்.

"தண்ணி பட்டதக்கூட சமாளிச்சிருக்கலாம் சார். ஓடறப்போ யாரோ போட்டு அடிச்சிருக்காங்க. உள்ள தட்டெல்லாம் கீறிப்போச்சு. வீட்ல சின்னப் பசங்களா?"

"ஆமாம்," என்றேன்.

வீட்டில் வந்து சொன்னபோது வாசுகி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "எங்கப்பா ரெண்டாவது வாட்டி செத்துட்டாரு," என்றாள். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் ஹாலிலேயே உட்கார்ந்திருந்தேன். புது ஹார்ட் டிஸ்க் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. பொட்டும் பூவுமாகக் காலியாக இருந்தது. என்மேல் எனக்கே அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

வருஷத் திதிக்கு ஆவடியில் எல்லோரும் கூடினோம். படையல் போட்டு முடித்ததும் மணி தன் பழைய போனை எடுத்து வந்தான். எப்போதோ மறந்து விட்டுப்போன ஒரு துண்டு வீடியோ அதில் இருந்ததாம். எங்கள் பால்கனியில் மாமனார் உட்கார்ந்திருக்கிறார். போனைப் பார்த்துச் சொல்கிறார்:

"நம்ம மாப்ள தங்கமான மனுசன்டா மணி. ஆனா ஊடு பத்திகினு எரிஞ்சாக்கூட, எந்த பக்கெட்ல தண்ணி மொள்ளலாம்னு யோசிச்சினே இருப்பாரு. கடைசில பக்கெட்டத் தூக்கி நெருப்புல போட்ருவாரு."

சிரிக்கிறார். இருமுகிறார். "அவரு காதுல போட்றாத," என்கிறார். முடிந்தது.

அவ்வளவு பேசிய மனுஷரின் குரலில் உலகத்தில் மிச்சம் இது மட்டும்தான். அன்றைக்கே அத்தனை சொந்தக்காரர்களும் அதைத் தங்கள் போனில் வாங்கிக்கொண்டார்கள். துபாயில் இருக்கிற ஒன்றுவிட்ட கொழுந்தியாள்வரை போய்விட்டது. எங்கள் குடும்பத்தில் ஒழுங்காகப் பேக்கப் எடுக்கப்பட்ட ஒரே ஃபைல் அதுதான்.

இப்போது ஒவ்வொரு திதிக்கும் இலை போடுவதற்கு முன்னால் யாராவது அதைப் போடுகிறார்கள். மொத்தக் கூட்டமும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. நானும் சிரித்துத் தொலைக்கிறேன், வேறு வழி? வாசுகி மட்டும் சிரிப்பதில்லை. கண்ணை மூடிக் கேட்டு முடித்துவிட்டு, "இன்னொரு வாட்டி போடுடா," என்பாள்.