சரிங்கன்னு சொல்லிச் சேலம் போன கதை

ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஏற்காடு டவுனுக்குப் போய்க் குக்கருக்கு ரப்பர் வாங்கிட்டு வரணும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மாமனாரும் மாமியாரும் வர்றாங்க. ஆட்டுக்கறி எடுத்தாச்சு. குக்கர் ரப்பர் அன்னிக்குன்னு பாத்துப் பிஞ்சு போச்சு.

"ஏனுங்க, போனமா வந்தமான்னு இருக்கோணும். வழியில யாரு என்ன கேட்டாலும் தலையாட்டாதீங்க"ன்னாங்க என் வீட்டுக்காரம்மா செல்வி.

"சரி"ன்னேன். எனக்குத் தெரிஞ்ச வார்த்தை அது ஒண்ணுதானே.

இது எனக்கு நொம்ப நாளா இருக்கற வியாதிங்க. யாராவது ஏதாச்சும் கேட்டா, மூளை 'முடியாது'ன்னு தயார் பண்ணித்தான் அனுப்பும். வாய்க்கு வந்து சேர்றதுக்குள்ள அது 'சரிங்க'ன்னு மாறிரும். முடியாதுன்னா அவங்க முகம் சுருங்கிருமேன்னு ஒரு பயம்.

காபி எஸ்டேட்டுல ஆள் கணக்கு எழுதற ரைட்டர் வேலை எனக்கு. லீவு கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்துட்டு, காபிப் பழம் பறிக்க ஆளில்லாம நானே கூடையைத் தூக்கிட்டுப் போன ஆளு நான்.

எங்க ஊரு மஞ்சக்குட்டையில பஸ்ஸுக்கு நிக்கறேன். பக்கத்து ஊட்டு ராமாயி அக்கா வேகமா வந்தாங்க. கையில ஒரு கோழி.

"தம்பி, டவுனுக்குத்தான போறீங்க? இதை எம் பொண்ணு ஊட்டுல குடுத்துருங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கந்தானுங்க."

சரிங்கன்னேன்.

பக்கந்தான். ஆனா மேட்டு மேல. மூச்சு வாங்கிக்கிட்டே போய்க் கோழியைக் குடுத்தேன். அந்தப் பொண்ணு, "நல்ல வேளை வந்தீங்கண்ணா, இந்தச் சிலிண்டரைக் கொஞ்சம் உள்ள தூக்கி வெச்சிருங்க"ன்னுச்சு. வெச்சேன். முகம் சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு, மனசு திட்டிக்கிட்டு இருந்துச்சு.

ஒரு வழியாக் கடைக்குப் போய் ரப்பர் வாங்கி மடிச்சுச் சட்டைப் பையில வெச்சேன். வேலை முடிஞ்சுது. நம்ம ஊர் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்துச்சு. பஸ் ஸ்டாண்டுல ஒரு ஓரமா, யாரு வம்புக்கும் போகாமத்தான் நின்னேன்.

கைக்குழந்தையோட ஒரு பொண்ணு வந்துச்சு. யாருன்னே தெரியாது.

"அண்ணா, சேலம் பஸ்ஸுல ஒரு சீட்டுப் புடிச்சு வைங்க. குழந்தைக்குச் சுடுதண்ணி வாங்கிட்டு வந்தர்றேன்."

சரிங்கன்னேன். ஏறி, ஜன்னலோரமா நான் உக்காந்து, பக்கத்துல துண்டைப் போட்டேன்.

ஞாயித்துக்கிழமைக் கூட்டம். ஒவ்வொருத்தரா வந்து கேட்டாங்க. "ஆள் வருதுங்க"ன்னேன். ஒரு பெரிய மனுசன் சண்டைக்கே வந்துட்டாரு. "முடியாதுங்க, ஆள் வருது"ன்னு அடிச்சுச் சொன்னேன்.

எனக்கே ஆச்சரியம். எனக்காகச் சொல்ல வராத 'முடியாது', முன்னப்பின்ன தெரியாத ஒருத்தருக்காகக் கணீர்னு வருது.

இந்தப் பெருமையில இருந்தப்போ விசில் சத்தம் கேட்டுச்சு. பஸ் கிளம்பிருச்சு.

எந்திரிச்சுப் பாக்கறேன். அந்தப் பொண்ணு முன் வாசல்ல ஏறிக் கூட்டத்தை விலக்கிட்டு வருது. "நொம்ப நன்றிங்கண்ணா"ன்னு உக்காந்துச்சு. "நீங்களும் சேலந்தானுங்களா?"

இல்லைங்கறதுக்கு அதை விட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமாங்க?

"ஆமாங்க"ன்னேன்.

ஏன்னா, இல்லைன்னா அந்தப் பொண்ணு சங்கடப்படும். பஸ்ஸை நிறுத்தணும். டிரைவர் திட்டுவாரு. இடம் கேட்டுச் சண்டை போட்ட பெரிய மனுசன் என்னைப் பாத்துச் சிரிப்பாரு. இத்தனைக்கும் பதிலாச் சேலமே போயிரலாம்னு தோணுச்சு.

கண்டக்டர் வந்து, "எங்கீங்க?"ன்னாரு.

"சேலம்." டிக்கெட்டே வாங்கிட்டேன்.

முதல் கொண்டை ஊசி வளைவுல செல்வி போன் பண்ணுனாங்க.

"எங்க இருக்கறீங்க?"

"பஸ்ஸுல வந்துட்டே இருக்கறேன்."

பஸ்ஸுல இருக்கறது நிஜம். வந்துட்டு இருக்கலை, போய்ட்டு இருந்தேன். சட்டைப் பையில ரப்பர், வளைவுக்கு வளைவு என் நெஞ்சைக் குத்திக்கிட்டே வந்துச்சு.

அடிவாரத்துல இறங்கி மேல வர்ற பஸ்ஸைப் புடிச்சிரலாம்னு மனசைத் தேத்திக்கிட்டேன். அதுக்குள்ள அந்தப் பொண்ணு, "அண்ணா, வளைவுல தலை சுத்துதுங்க, பாப்பாவைக் கொஞ்சம் வெச்சுக்கறீங்களா?"ன்னுச்சு.

பாப்பா என் மடியில வந்து படுத்ததும் தூங்கிருச்சு. அடிவாரம் வந்துச்சு. ஆளுங்க இறங்குனாங்க. பாப்பா என் சட்டையைப் புடிச்சுக்கிட்டுத் தூங்குது. நான் எப்படிங்க எந்திரிப்பேன்?

சேலத்துல இறங்கறப்போ, "உங்களாட்டம் ஒருத்தரு இல்லீன்னா என்ன பண்ணியிருப்பனோ"ன்னுச்சு அந்தப் பொண்ணு. அவ்வளவுதான், எனக்குக் குளுகுளுன்னு ஆயிருச்சு. இந்த ஒரு வார்த்தைக்காகத்தாங்க இத்தனை அலைச்சலும்.

திரும்ப மேல வர்ற பஸ்ஸுல நிக்கத்தான் இடம். எனக்கு யாரும் துண்டு போட்டு வெக்கலை.

ஊடு வந்து சேர்றப்போ சாயங்காலம். மாமனார் சாப்பிட்டுத் தூங்கி எந்திரிச்சே ஆச்சு. கொல்லைப்பக்கம் மூணு கல்லு வெச்சு, வெறகு மூட்டி, சட்டியில கறியை வேக வெச்சிருந்தாங்க செல்வி.

வழியெல்லாம் யோசிச்சு வெச்சிருந்த கோபத்தை எடுத்து விட்டேன். "நீ காலையிலயே ரப்பரைப் பாத்திருந்தா நான் எதுக்குச் சேலம் போறேன்?"

செல்வி நிமிந்து பாத்தாங்க. சேலம் போனேன்னு தெரிஞ்சதும் ஏன், எப்படின்னு நிதானமா கேட்டாங்க. சொன்னேன்.

"யாரோ ஒரு பொண்ணு மூஞ்சி சுருங்கக் கூடாதுன்னு சேலம் வரைக்கும் போயிருக்கறீங்க. எம் மூஞ்சியைப் பாத்தீங்களா?"

அப்பத்தான் பாத்தேன். கன்னத்துல கரி. ஈர வெறகு ஊதி ஊதிக் கண்ணு ரெண்டும் செவந்து கிடந்துச்சு.

ஊருக்கெல்லாம் நான் சொன்ன ஒவ்வொரு 'சரிங்க'வும், இவங்களுக்குச் சொன்ன 'முடியாது'ன்னு அப்பத்தான் உறைச்சுது. போய்த் தண்ணி கொண்டாந்து குடுத்தேன். மூஞ்சியைக் கழுவிக்கிட்டாங்க.

"இனிமே மாறிக்கறேன் செல்வி."

"எப்ப?"

"இன்னிக்கே. இந்த நிமிசத்துலருந்து."

நம்பலைன்னாலும் தட்டைப் போட்டுச் சோறு வெச்சாங்க. காலையிலருந்து பட்டினி. ரெண்டு வாய்தான் தின்னிருப்பேன். மாமியார் கறிச்சட்டியோட பக்கத்துல வந்து நின்னாங்க.

"மாப்ள, இன்னுங் கொஞ்சம் கறி போடட்டுங்களா?"

செல்வி என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நெஞ்சை நிமித்தினேன். தெளிவாச் சொன்னேன்.

"வேண்டாங்க அத்தை."

அத்தை சரிங்கன்னு சட்டியை எடுத்துட்டு உள்ள போயிட்டாங்க.

முடியாதுன்னு சொல்லப் பழகறவங்க யாரும் சாப்பாட்டுத் தட்டு முன்னாடி ஆரம்பிக்காதீங்க.