ஆம்புலன்ஸுக்கு முன்னால் ஓடியவன்

எனக்குச் சாவு பயம் உண்டு. இதைச் சொல்ல வெட்கப்பட்ட காலம் போய்விட்டது. உடம்பைத் தேற்றுவதற்காக ஓடுகிறவர்கள் ஓடட்டும். நான் பயந்து ஓடியவன். என் அப்பா நாற்பத்தாறு வயதில், ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. எனக்கு நாற்பத்தாறு தொடங்கிய நாளிலிருந்து பிரஷ்ஷைக் கையில் எடுத்தாலே இடது தோள் வலிக்கும். (துலக்குவது வலது கையால்தான். இருந்தாலும் இடது தோள்தான் வலிக்கும்.)

திண்டுக்கல்லில் பத்திரம் எழுதுவது என் பிழைப்பு. நாற்காலியிலேயே வளர்ந்த உடம்பு. டாக்டர் "தினமும் நடங்க" என்றார். நடக்கச் சொன்னவருக்கு ஓடியே காட்டுகிறேன் என்று ஊரில் நடந்த அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். இருபத்தொரு கிலோமீட்டர். அதுவரை நான் ஓடிய அதிகபட்சத் தூரம், கிளம்பிவிட்ட டவுன் பஸ்ஸின் பின்படி வரைதான்.

அம்மாவிடம் சொல்ல முடியாது. நான் மாடிப்படியில் வேகமாக ஏறினாலே அவளுக்குப் படபடப்பு வந்துவிடும். அதனால் ஓட்டத்துக்கான டவுசர் மேல் பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு, கூட்டுக்களவாணியான என் மனைவி கவிதாவோடு விடியற்காலையில் கிளம்பினேன்.

"நத்தத்துல முகூர்த்தம்மா. போயிட்டு வாரோம்."

"வேட்டிக்குக் கீழ என்னலே ஷூ?"

"செருப்பு அந்து போச்சும்மா."

நம்பிவிட்டாள். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

எரியோடு சாலையில் பாதித் தூரம் போய், கிளம்பிய மைதானத்துக்கே திரும்பி வர வேண்டும். முதல் இரண்டு கிலோமீட்டருக்குள் எல்லாரும் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். பேரன் பேத்தி எடுத்த ஒரு பெரியவர் முதுகில் தட்டி, "விடாத தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு சாலை அமைதியாகிவிட்டது. முதுகுக்குப் பின்னால் ஒரு எஞ்சின் சத்தம் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது. கடைசி ஆளுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் வரும் என்பது ஏற்பாடு. கடைசி ஆள் நான்தான் என்பதை அந்த வண்டியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அதிலிருந்த நர்ஸ் பெண் தங்கமானவள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுவாள்.

"அண்ணே, நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"

"இல்லம்மா."

"இடது கை மரத்துப் போற மாதிரி இருக்கா?"

அதுவரை இல்லை. அவள் கேட்டதும் மரத்துப் போனது. "தலை சுத்துதாண்ணே?" என்றாள். உடனே சுற்றியது. அவள் எதைக் கேட்டாலும் அது எனக்கு வந்தது.

"முடியலேன்னா ஏறிக்கங்கண்ணே. மெடல் மட்டும் குடுக்க மாட்டாக."

மெடல் யாருக்கு வேண்டும்? அந்த வண்டிக்குள் ஒரு தடவை ஏறிவிட்டால் உயிரோடு இறங்க மாட்டேன் என்று உள்ளுக்குள் ஏதோ சொன்னது. அப்பாவையும் இப்படி ஒரு வண்டியில்தான் ஏற்றினார்கள். நான் மாரத்தான் ஓடவில்லை, ஆம்புலன்ஸிடமிருந்து தப்பித்துக்கொண்டிருந்தேன்.

ஆம்புலன்ஸ் ஊர்ந்து வந்தால் உள்ளே இருப்பவர் முடிந்துபோனவர் என்றுதான் நம் ஊரில் அர்த்தம். ஒரு டீக்கடை வாசலில் இருந்தவர்கள் எங்களைக் கண்டதும் எழுந்து, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார்கள். ஒருவர் கூடவே நாலு எட்டு வந்து துக்கத்தோடு கேட்டார்.

"உள்ள இருக்கது பெத்தவுகளா தம்பி?"

"உள்ள யாரும் இல்லண்ணே," என்றேன் மூச்சு வாங்க. "எனக்காகத்தான் வருது."

அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

இந்த நேரம் பார்த்துத்தான் எதிரே எரியோட்டிலிருந்து வந்த பஸ்ஸின் ஜன்னலோரத்தில் என் அத்தை உட்கார்ந்திருந்தாள். உடனே அம்மாவுக்குப் போன்: "மதினி, நம்ம செல்வம் ஆம்புலன்ஸுக்கு முன்னால ஓடுறான். வாயப் பொளந்துக்கிட்டு ஓடுறான். உள்ள யாருன்னு தெரியல." அம்மா கவிதாவுக்குப் போன் போட்டிருக்கிறாள். மைதானத்து ஒலிபெருக்கி இரைச்சலில் கவிதாவுக்குக் கேட்கவில்லை. என் போனும் அவள் பைக்குள் கிடந்தது. அத்தை அடுத்து நிலக்கோட்டையில் பூக்கடை வைத்திருக்கும் என் தாய்மாமனுக்குச் சொன்னாள். அதற்குள் அவள் பேச்சில் நான் ஆம்புலன்ஸுக்குள்ளேயே ஏறிவிட்டிருந்தேன்.

மாமாவுக்குக் கைகால் ஓடவில்லை. ஆனாலும் தாய்மாமன், அதுவும் பூக்கடைக்காரர், வெறுங்கையோடு வரலாமா? அழுதுகொண்டே ஆளுயர ரோஜா மாலை ஒன்றைக் கட்டச் சொல்லி, வேனில் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டார். அம்மாவை வீட்டில் ஏற்றிக்கொண்டு கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் தேடி, அங்கே யாரோ ஓட்டப் பந்தயத்தைப் பற்றிச் சொல்ல, மைதானத்துக்கு வந்தார்கள்.

மூன்றரை மணி நேரம் ஓடி நான் மைதானத்துக்குள் நுழைந்தபோது காற்றடைத்த வரவேற்பு வளைவைப் பாதி இறக்கிவிட்டிருந்தார்கள். அதன் கீழே தலைவிரி கோலமாக அம்மா. பக்கத்தில் மாலையோடு மாமா. இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். கவிதா திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றாள். எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: நான் வழியிலேயே செத்துவிட்டேன், விஷயம் எனக்குத்தான் கடைசியாகத் தெரிகிறது.

மாமா என்னைப் பார்த்ததும் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். மாலை அவரைவிடப் பெரியது.

"மாப்ளே... சும்மா... இந்தப் பக்கமா வந்தேன்," என்றார்.

அம்மா வந்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு என் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். அது தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அவள் ஓவென்று அழுதாள்.

"நத்தத்துல முகூர்த்தமாலே? ஒங்கப்பாவ அனுப்பிட்டு நான் பட்டது பத்தாதா?"

நானும் அழுதேன். நர்ஸ் பெண் ஓடி வந்து, "அண்ணே, இப்ப வலிக்குதா?" என்றாள்.

அழுகை ஓய்ந்ததும் மாமாவுக்குத் தொழில் கவலை வந்தது. "அக்கா, இத என்ன செய்யட்டும்? இப்புடிக் கட்டுன மாலையத் திருப்பி எடுத்துட்டுப் போகக் கூடாதே."

ஆம்புலன்ஸுக்குப் போடலாம் என்று யாரோ சொன்னார்கள். டிரைவர் பதறிவிட்டார். "வேணாம்ணே. போற வழியெல்லாம் எந்திரிச்சு நிப்பாக."

அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சாவு விழுந்தாத்தான் அது சாவு மாலை. எம்புள்ள உசுரோட நிக்கிறான். இப்ப அது வெறும் பூவு. கொண்டாடா இங்க." வாங்கி என் கழுத்தில் போட்டாள். ஓடி முடித்ததற்கு மாட்டிவிட்ட மெடல் பூவுக்குள் எங்கோ புதைந்துபோனது. கவிதா படம் எடுத்தாள்.

அந்தப் படத்தைச் சட்டம் போட்டு கூடத்தில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம். ஒரு வாரம்கூட ஆகவில்லை. சிலிண்டர் கொண்டுவந்தவர் அதைப் பார்த்துவிட்டு, கதவைத் திறந்த என்னிடமே, "ஒங்க அண்ணனா? எப்பத் தவறுனாரு?" என்று கேட்டார். அன்றே படம் படுக்கையறைக்குப் போய்விட்டது.

இப்போது எனக்கு நாற்பத்தெட்டு. அப்பாவுக்கு மூத்தவனாகிவிட்டேன். இப்போதும் எழுந்தவுடன் வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடப் போகிறேன், அம்மாவிடம் சொல்லிவிட்டு. ஷூ மாட்டும்போதெல்லாம் அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்: "ஏலே, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டியா?" வீடே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். ஆனால் நான் திரும்பி வந்து, பல் துலக்கி முடித்து வெளியே வரும் வரை அவள் காபித் தம்ளரைக் கையில் எடுப்பதில்லை.