பத்தொன்பது பேருக்கு ஒரே முகம்

வேலை செய்யும் இடத்தில் புதிதாக ஒரு ஆப் வந்தால் ஆட்களுக்குப் பயம் வரும், அந்தப் பயத்தைப் போக்கத்தான் பயிற்சியாளர் என்று ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நிற்காமல் அதையே வேலையாகவும் செய்தேன். இன்று யாராவது கேட்டால், ஆப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அதைச் சொல்லிக்கொடுக்க வருகிறவனைக் கொஞ்சம் கவனியுங்கள் என்றுதான் சொல்வேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சொந்த ஊர் நைனார்பாளையம். கள்ளக்குறிச்சியில், சிறுதானியம் வாங்கிச் சுத்தம் செய்து பாக்கெட் போட்டு விற்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. இன்னும் மூன்று மாதம் தாண்டினால்தான் வேலை நிரந்தரம். பதவியின் பெயர் ‘டிஜிட்டல் பயிற்சியாளர்’. (அம்மா இதைத் தெரு முழுக்க ‘டிஜிட்டல் வாத்தியார்’ என்று அறிவித்துவிட்டார்.)

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால், கம்பெனிக்கு ஒரு சாமை ஆலை இருந்தது. அங்கே வேலை செய்த பத்தொன்பது பேரும் அதுவரை நோட்டில் கையெழுத்துப் போட்டு வந்தார்கள். இனிமேல் டேப்லெட்டில் தங்கள் பெயரைத் தொட்டு, அதன் முன்னால் முகத்தைக் காட்ட வேண்டும். முகம் பொருந்தினால் வருகை பதிவாகும். அதற்கு முதலில் எல்லோர் முகத்தையும் ஒருமுறை படம்பிடித்து ஏற்ற வேண்டும். அந்த வேலைக்குத்தான் என்னை மேலே அனுப்பினார்கள்.

அதுவரை நான் மலை ஏறியதே இல்லை. பஸ் ஒவ்வொரு வளைவாகத் திரும்பத் திரும்ப, கீழே இருந்த வெயில் யாரோ கழற்றி வைத்த சட்டை மாதிரி விலகிப்போனது. ஆலைக்குள் நுழைந்தபோது உமி வாசனையும் ஈர மண் வாசனையும் கலந்து வந்தன. ஜன்னலுக்கு வெளியே மரங்கள் ஒவ்வொன்றாகப் பனியின் வெள்ளைக்குள் கரைந்துகொண்டிருந்தன. எனக்குப் பாதித் தூக்கத்தில் நடப்பதுபோல் இருந்தது.

அந்த மயக்கத்திலேயே அரைமணி நேரம் பேசினேன். “டெக்னாலஜியைக் கண்டு யாரும் பயப்படக் கூடாது” என்று முடித்தேன்.

மிஷின் ஓட்டும் வெள்ளையன் அண்ணன் எழுந்தார். ஐம்பது வயதிருக்கும். “நாங்க இன்னாத்துக்குப் பயப்படப் போறோம் தம்பி? மழ வந்துக்கினு இருக்குது, சாமை வெளிய காயுது. சீக்கிரம் புடிச்சி வுட்டுடு.”

ஒவ்வொருவராக வந்து என் எதிரில் நின்றார்கள். டேப்லெட்டை மார்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, “சிரிங்க” என்று சொல்லி, எப்படிச் சிரிப்பது என்று நானே சிரித்தும் காட்டினேன். படம் பதிவானால் ‘டிங்’ என்று ஒலிக்கும். காது அந்த ஒலியில் இருந்தது. கண் ஜன்னலில் இருந்தது. ஒரு மேகம் ஜன்னல் சட்டத்தைத் தாண்டி உள்ளே வந்து, சாமை மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, சற்று நேரம் இருந்துவிட்டுப் போனது. பத்தொன்பது ‘டிங்’ ஒலித்தது. திரையை நான் பார்த்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிருக்காது.

அத்தனை வருடமாக வருகை நோட்டு எழுதியவர் செல்வியக்கா. “சார், நான் ஒரு தபா வாங்கிப் பாக்கட்டுங்களா?” என்று கேட்டார்.

“எல்லாம் ஓகேக்கா” என்றேன், நிபுணர்களுக்கே உரிய கையசைப்புடன்.

மறுநாள் காலை வெள்ளையன் அண்ணன் தன் பெயரைத் தொட்டு முகத்தைக் காட்டினார். ‘முகம் பொருந்தவில்லை.’ துண்டால் துடைத்துக்கொண்டு மறுபடி காட்டினார். பொருந்தவில்லை. அடுத்தவருக்கும் இல்லை, அதற்கடுத்தவருக்கும் இல்லை. என்னதான் கோளாறு என்று நான் அசட்டுச் சிரிப்போடு குனிந்து பார்த்தேன்.

‘டிங். வணக்கம், வெள்ளையன்!’

பதிவான படங்களைத் திறந்தேன். எடுத்ததெல்லாம் என் பக்கம் பார்த்த முன்பக்க கேமரா. பத்தொன்பது பெயருக்குக் கீழேயும் நான். பார்வை எங்கோ ஓரத்தில், வாயில் கனவில் யாரோ கூப்பிட்டதுபோல் ஒரு சிரிப்பு.

செல்வியக்கா எட்டிப் பார்த்தார். “எல்லாத்துலயும் ஒரே மாதிரி அழகா வுழுந்துக்கீறீங்க சார்.”

படங்களை அழிக்கத் தலைமை அலுவலகத்தின் அனுமதி எண் வேண்டும். கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்தேன். அதனால் மேனேஜர் மேடத்துக்குப் போன் செய்து, இன்னும் சில நாள் இங்கேயே தங்கி ‘இரண்டாம் கட்டப் பயிற்சி’ கொடுப்பதாகச் சொன்னேன்.

இரண்டாம் கட்டப் பயிற்சி இப்படி நடந்தது. காலையில் ஆட்கள் வரிசையாக வருவார்கள். ஒவ்வொருவரும் தன் பெயரைத் தொடுவார், நான் முகத்தை நீட்டுவேன். வெறும் முகம் காட்டினால் ஆப் ஏற்காது, அதே சிரிப்பு வேண்டும். காலையில் பத்தொன்பது சிரிப்பு, சாயங்காலம் பத்தொன்பது சிரிப்பு. நடுவில் பனிக்குள் நடந்து திரிந்தேன். மூன்றாம் நாள் தாடை வலித்தது. நான்காம் நாள், நான் யாருடைய முகத்தோடு திரிகிறேன் என்றே குழப்பமாகிவிட்டது. யாரோ “வெள்ளையா!” என்று கூப்பிட, திரும்பிப் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் மேடம் போனில் வந்தார். “சரவணன், எல்லா யூனிட்லயும் பிரச்சினை, உங்க யூனிட் மட்டும் நூத்துக்கு நூறு! ஒருத்தர்கூட லேட் இல்ல. எப்படிப் பண்ணீங்கன்னு நேர்ல பாக்கணும். நாளைக்கு வர்றேன்.”

அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை எங்கும் வெள்ளை. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்றே தெரியாத பனி. பழக்க தோஷத்தில் எல்லாப் பெயரையும் நானே தொட்டுத் தொட்டுச் சிரித்து முடித்தேன். மேடம் ஜீப்பில் வந்து இறங்கினார், தன் போனைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார், ஆட்களை எண்ணினார்.

“ஆப்ல பத்தொன்பது பேரு. இங்க பதினெட்டுதான இருக்கீங்க? வெள்ளையன் யாரு?”

அப்போதுதான் நினைவு வந்தது, அண்ணன் மச்சினர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருக்கிறார். வராத ஆள் வந்ததாகக் கணக்கு இருந்தால் பழி அவர் மேல்தான் விழும். என் வாய் தானாகத் திறந்தது.

“நான்தான் மேடம்.”

மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். டேப்லெட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பத்தொன்பதும் முடியும்வரை நிறுத்தவில்லை.

“எத்தன பேருக்கு ட்ரெயினிங் குடுத்தீங்க?”

“பத்தொன்பது பேருக்கு மேடம்.”

“இல்ல சரவணன். ஒரே ஆளுக்குப் பத்தொன்பது தடவ குடுத்திருக்கீங்க.”

செல்வியக்கா முன்னால் வந்து பழைய நோட்டை நீட்டினார். ஆறு நாளும் வந்தவர், வராதவர் எல்லாம் அதில் ஒழுங்காக இருந்தது. வெள்ளையன் அண்ணனுக்கு அன்றைக்கு லீவு, காரணம் உட்பட. “அவரு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாருங்க மேடம். தப்பு அவரு மேல இல்லீங்க.”

மேடம் அனுமதி எண்ணைப் போட்டார். செல்வியக்கா டேப்லெட்டை வாங்கி, அவரவர் கையிலேயே கொடுத்து, “உன் மூஞ்சி தெரியுதா? அப்ப அமுக்கு” என்றார். அரைமணி நேரத்தில் பதினெட்டுப் பேருக்கும் முடிந்தது.

“இப்படிப் புடிக்கணும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?” என்றேன்.

“மொதல் நாளே தெரியுங்க சார். நீங்கதான் கேக்கல.”

வேலை போகவில்லை. ஆனால் மற்ற யூனிட்டுகளுக்கெல்லாம் பயிற்சியாளர் செல்வியக்கா என்றாகிவிட்டது. டேப்லெட் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிற ஆள் நான். போன இடத்தில் எல்லாம் அவர் கருவியை ஆட்களிடம் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துகொள்வார். அவர்களாகவே தொடுவார்கள், தப்புச் செய்வார்கள், சிரிப்பார்கள், கற்றுக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் வேலை கற்றுக்கொண்டேன். நிரந்தரமாக மட்டும் ஒரு வருடம் பிடித்தது.

இதை எல்லாம் வீட்டில் யாருக்கும் சொல்லாமல்தான் வைத்திருந்தேன். கள்ளக்குறிச்சியில் என் கல்யாணம் நடந்தபோது மலையிலிருந்து ஒரு வேன் வந்தது. பலாப்பழத்தோடு மேடை ஏறிய வெள்ளையன் அண்ணன், மணப்பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட்டார். “நாங்க பத்தொம்போது பேரும் உங்க வூட்டுக்காரரு மூஞ்சியதாம்மா வெச்சிக்கினு இருந்தோம்.” பிறகு முழுக்கதையையும் மைக்குப் பக்கத்திலேயே நின்று சொன்னார்.

இன்றைக்கும் நான் கோபமாக ஏதாவது பேசினால் என் மனைவி பதில் பேசுவதில்லை. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்து, “இது பத்தொம்போதுல யாரு மூஞ்சி?” என்று கேட்பாள்.

“வெள்ளையன் அண்ணனுது” என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன்.